போரும் பிடிக்கவில்லை, அதை எதிர்த்தவர்களையும் பிடிக்கவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வியட்நாம் போர் நடந்த காலத்து அமெரிக்காவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கும் என் அண்ணனுக்கும் ஓயாத வாக்குவாதம். மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், அதனால் போர் நின்றது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அண்ணன் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். “அவர்கள் தங்கள் உயிருக்குப் பயந்துதான் கத்தினார்கள். ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுப்பது குறைந்ததும் கூட்டமும் கலைந்துவிட்டது. மக்களுக்குப் போர் அவ்வளவு வெறுத்துப்போயிருந்தால் 1972 தேர்தலில் ஜனாதிபதி நிக்சன் 50 மாநிலங்களில் 49ஐ ஜெயித்தது எப்படி?” என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போர் பிடிக்காத மக்கள் போரை எதிர்த்தவர்களை ஏன் வெறுத்தார்கள்? அவ்வளவு ரகளைக்கும் பிறகு உண்மையில் என்னதான் மாறியது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சுடப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரிடம் பிறகு யாராவது மன்னிப்புக் கேட்டார்களா?

அன்புடன்,
உங்கள் வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அண்ணன் கேட்பது நல்ல கேள்வி. அதை ஒதுக்கிவிட்டு இந்தக் காலத்தைப் பற்றிப் பேசவே முடியாது. அவர் சொல்லும் தகவல்களும் சரி. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவோடுதான் எனக்கு ஒத்துப்போகவில்லை.

முதலில் ஆள் எடுத்ததைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. 1965 மார்ச்சில் அமெரிக்காவின் முதல் தரைப்படை தென் வியட்நாமின் டா நாங் கரையில் இறங்கியது. 1969 ஏப்ரலில் வியட்நாமில் இருந்த அமெரிக்க வீரர்கள் சுமார் 5,43,000 பேர். இவ்வளவு பேரைத் திரட்ட நாடு முழுவதும் சுமார் 4,000 உள்ளூர்க் குழுக்கள் இருந்தன. யாரைக் கூப்பிடுவது, யாரை விடுவது என்று முடிவு செய்தது இந்தக் குழுக்கள்தான். குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊரின் நடுத்தர வயதைத் தாண்டிய வெள்ளைக்கார ஆண்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால் படிப்பு முடியும்வரை விலக்கு. பள்ளியோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போன பையனுக்கு அந்த விலக்கு கிடையாது. அப்படியென்றால் போனது யார் என்று சொல்லவே வேண்டாம். தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள், விவசாயி வீட்டுப் பிள்ளைகள், கறுப்பர்கள், மெக்சிகோ வம்சாவளியினர். போரின் தொடக்க ஆண்டுகளில் சண்டையில் செத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கறுப்பர். மக்கள்தொகையிலோ அவர்கள் பத்தில் ஒருவருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

உங்கள் அண்ணன் கவனிக்காமல் விட்ட முடிச்சு இங்கேதான் இருக்கிறது. வளாகத்தில் கோஷம் போட்ட மாணவன் அந்த நேரத்தில் விலக்கு பெற்றவன். அவனை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த கொத்தனாரின் மகன் வியட்நாமில் இருந்தான். அந்த அப்பாவுக்கும் போர் பிடிக்கவில்லை. ஆனால் தன் மகன் சேற்றில் கிடக்கும்போது பாதுகாப்பாக உட்கார்ந்துகொண்டு கொடியைக் கொளுத்தும் பையனை அவரால் எப்படிச் சகிக்க முடியும்? அவருடைய கோபத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அது நியாயமான இடத்தில் பிறந்து தவறான ஆளின் மேல் விழுந்த கோபம்.

அது எங்கே போய் முடிந்தது என்றும் பாருங்கள். 1970 மே 8 அன்று நியூயார்க்கில், கென்ட் ஸ்டேட்டில் செத்தவர்களுக்காகக் கூடிய மாணவர்களைக் கட்டடத் தொழிலாளர்கள் தலைக்கவசத்தோடு வந்து அடித்தார்கள். காயம்பட்டவர்கள் சுமார் 70 பேர். துக்கத்துக்காக நகர மன்றத்தில் அரைக்கம்பத்தில் பறந்த கொடியை வற்புறுத்தி முழுக்கம்பத்துக்கு ஏற்ற வைத்தார்கள். அந்த மாதக் கடைசியில் அவர்களுடைய தொழிற்சங்கத் தலைவரை நிக்சன் வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். பிறகு அவரைத் தொழிலாளர் துறை அமைச்சராகவும் ஆக்கினார்.

“உயிருக்குப் பயந்துதான்” என்ற பேச்சுக்கு வருகிறேன். ஆமாம், பயந்தார்கள். பயந்தது தப்பா? 1969 டிசம்பர் 1 இரவை நினைத்துப் பாருங்கள். விலக்குகள் அநியாயம் என்ற புகாருக்குப் பதிலாக அரசு ஒரு குலுக்கலை நடத்தியது. வருஷத்தின் 366 தேதிகளையும் தனித்தனிச் சீட்டாக எழுதி, ஒவ்வொன்றையும் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் குப்பிக்குள் போட்டு, எல்லாவற்றையும் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் கொட்டி வைத்திருந்தார்கள். டிவியில் நேரலை. 1944 முதல் 1950 வரை பிறந்த பையன்கள் விடுதிகளிலும் வீடுகளிலும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முதல் குப்பியைத் திறந்தபோது வந்த தேதி செப்டம்பர் 14. அன்று பிறந்தவர்களுக்கு எண் 1, அதாவது முதல் அழைப்பு. அடுத்த வருஷம் 195ஆம் எண் வரைக்கும் அழைப்பு போனது.

அந்த ஜாடியைச் சரியாகக் குலுக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. மாதவாரியாகக் குப்பிகளைப் போட்டதில், கடைசியில் போட்ட மாதங்கள் மேலேயே தங்கிவிட்டன. டிசம்பர் மாதத்தின் 31 நாட்களில் 26 நாட்கள் 195க்குள் வந்துவிட்டன. புள்ளியியல் தெரிந்தவர்கள் அலசிப் பார்த்து, இது தற்செயலாக நடந்திருக்க வாய்ப்பே இல்லை என்று எழுதினார்கள். அடுத்த வருஷம் முறையை மாற்றினார்கள். ஆனால் முதல் குலுக்கலின் எண்கள் செல்லாது என்று யாரும் சொல்லவில்லை. டிசம்பரில் பிறந்த ஒரு பையனின் அம்மாவாக அந்தச் செய்தியைப் படித்திருந்தால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட ஒரு ஜாடிக்குப் பயப்படுவதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பத்தொன்பது வயதுப் பையனைக் கொல்லவும் சாகவும் அனுப்பும் நாடு, “எதற்காக?” என்று அவன் கேட்டால் நின்று பதில் சொல்லியாக வேண்டும்.

அப்புறம், பயம் மட்டும்தான் காரணம் என்றால் கணக்கு உதைக்கும். ஆள் எடுக்கவே முடியாத பெண்கள் அத்தனை பேர் ஏன் வந்தார்கள்? ஐயோவா மாநிலத்தின் டெ மாய்ன் நகரத்தில் மேரி பெத் டிங்கருக்கு வயது 13. 1965 டிசம்பரில் அவளும் அவள் அண்ணனும் இன்னும் சில பிள்ளைகளும் கையில் கறுப்புத் துணிப் பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். இரண்டு பக்கமும் செத்தவர்களுக்கு அது துக்கம், கிறிஸ்துமஸ் போர்நிறுத்தம் வேண்டும் என்ற கோரிக்கை. அவ்வளவுதான். கோஷம் இல்லை, கல் இல்லை. பள்ளி அவர்களை இடைநீக்கம் செய்தது. வீட்டின் மேல் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள், மிரட்டல்கள் வந்தன. ஒரு சின்னப் பெண் கட்டிய துணிக்கே இந்தக் கதி என்றால் ஊர் எந்த மனநிலையில் இருந்தது என்று யோசியுங்கள். வழக்கு மூன்று வருஷத்துக்கு மேல் இழுத்தது. 1969 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று அந்தப் பிள்ளைகளின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பள்ளி வாசலில் நுழைவதால் மாணவருக்குப் பேச்சுரிமை போய்விடாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். இன்றைக்கும் அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் பேச்சுரிமை வழக்கு வந்தால் அங்கிருந்துதான் பேச்சே தொடங்குகிறது.

மார்ட்டின் லூதர் கிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அவர் எல்லோருக்கும் பொதுவானவர். 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் அவர் போரை எதிர்த்துப் பேசினார். சொந்த நாட்டில் கிடைக்காத சுதந்திரத்தை எட்டாயிரம் மைலுக்கு அப்பால் காப்பாற்றக் கறுப்பு இளைஞர்களை அனுப்புகிறோம் என்றார். வறுமையை ஒழிக்க வேண்டிய பணத்தைப் போர் உறிஞ்சிக்கொள்கிறது என்றார். ஓரிரு நாட்களிலேயே பெரிய நாளிதழ்கள் அவரைக் கண்டித்துத் தலையங்கம் எழுதத் தொடங்கின. கறுப்பர்களின் சம உரிமை இயக்கத்தில் அவரோடு தோளோடு தோள் நின்றவர்களே, இது உங்கள் வேலை இல்லை என்றார்கள். ஜனாதிபதி ஜான்சனோடு இருந்த உறவு முறிந்தது. சரியாக ஒரு வருஷம் கழித்து, அதே ஏப்ரல் 4இல் மெம்ஃபிஸில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வாழ்வின் கடைசி வருஷத்தில் அவர் நாட்டில் பலருக்கு வேண்டாதவராகத்தான் இருந்தார்.

போரிலேயே இருந்தவர்களுக்கும் இதுதான் நடந்தது. 1968 மார்ச் 16 அன்று மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படை பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் நூற்றுக்கணக்கில் கொன்றது. ஹியூ தாம்சன் என்ற ஹெலிகாப்டர் ஓட்டி, தன் சொந்தப் படைக்கும் கிராமத்தாருக்கும் நடுவில் ஹெலிகாப்டரை இறக்கிச் சிலரைக் காப்பாற்றினார். கொலைக்காக, அங்கே ஒரு பிரிவை நடத்திய லெப்டினன்ட் கேலி 1971இல் தண்டனை பெற்றபோது, வெள்ளை மாளிகைக்குத் தந்திகள் குவிந்தன. கேலியை விடுவிக்கச் சொல்லித்தான். தாம்சனுக்கு வந்தவை கொலை மிரட்டல்கள். அவருக்கு ராணுவம் அந்தச் செயலுக்காகப் பதக்கம் தந்தது 1998இல், முப்பது வருஷம் கழித்து.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி. போர் பிடிக்காத மக்கள் ஏன் அதை எதிர்த்தவர்களை வெறுத்தார்கள்? 1965 ஆகஸ்டில் காலப் கருத்துக்கணிப்பில், வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறு என்று சொன்னவர்கள் நான்கில் ஒருவர்தான். 1968 ஆகஸ்டில் அது பாதியைத் தாண்டிவிட்டது. அதே மாதம் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு வெளியே போலீஸ் மாணவர்களைத் தடியால் அடித்ததை நாடே டிவியில் பார்த்தது. கேட்டபோது பெரும்பாலானவர்கள் போலீஸ் பக்கம் நின்றார்கள். இரண்டு கருத்துகளும் ஒரே நாட்டினுடையவை, ஏறக்குறைய ஒரே நேரத்தினுடையவை.

இதில் முரண்பாடு இருப்பதாக நான் நினைக்கவில்லை. பலருக்குப் போர் பிடிக்காமல் போனது, அது அநியாயம் என்பதால் அல்ல. ஜெயிக்கவும் மாட்டேன் என்கிறது, முடியவும் மாட்டேன் என்கிறது என்பதால். அவர்களுக்கு வேண்டியது ஓய்வு. வீதியில் நின்றவர்களோ கணக்குக் கேட்டார்கள்: யார் பொய் சொன்னது, யார் செத்தது, எதற்காக? ஓய்வு கேட்டவர்களுக்குக் கணக்கு கேட்டவர்கள் தொந்தரவாக இருந்தார்கள். 1972இல் நிக்சன் தந்தது அந்த ஓய்வுதான். தரைப்படையில் பெரும்பகுதி திரும்பி வந்திருந்தது, ஆள் எடுப்பது குறைந்திருந்தது, குண்டுவீச்சு மட்டும் தொடர்ந்தது. செத்துக்கொண்டிருந்தவர்கள் வியட்நாம்காரர்கள், கம்போடியர்கள், லாவோஸ்காரர்கள். அமெரிக்க வீடுகளுக்குச் சவப்பெட்டி வருவது குறைந்ததும் 49 மாநிலங்கள் கிடைத்தன. எனக்கு இது இன்றைக்கும் மனசைப் பிசைகிற விஷயம்.

அப்படியானால் போராட்டம் வீணா? இல்லை. மக்கள் மனசைக் கவர்ந்துதான் போராட்டம் ஜெயிக்கும் என்று நாம் எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு. 1968 பிப்ரவரி கடைசியில், வியட்நாம் புத்தாண்டின்போது கம்யூனிஸ்ட் படைகள் தென் வியட்நாம் முழுவதும் நடத்திய டெட் தாக்குதலுக்குப் பிறகு, ராணுவத் தலைமை இன்னும் 2,06,000 பேர் வேண்டும் என்று கேட்டது. அதைக் கொடுக்கலாமா என்று பாதுகாப்புத் துறைக்குள் எழுதிய குறிப்பில், கொடுத்தால் உள்நாட்டில் இதுவரை காணாத அளவு நெருக்கடி வெடிக்கலாம் என்ற எச்சரிக்கை இருந்தது. ஜான்சன் அந்த எண்ணிக்கையைக் கொடுக்கவில்லை. மார்ச் 31 அன்று, தான் மறுபடியும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். 1969இல் நிக்சன், நவம்பர் 1க்குள் இறங்கி வராவிட்டால் கடுமையாகத் தாக்குவோம் என்று ஹனோயை, அதாவது வட வியட்நாம் அரசை, ரகசியமாக மிரட்டி வைத்திருந்தார். அக்டோபர் 15 அன்று நாடு முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தி, மெழுகுவர்த்தி ஏந்தி நின்றார்கள். அந்த மிரட்டலின் பலம் அதனால் போய்விட்டது என்று பின்னாளில் நிக்சனே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். அன்று தெருவில் நின்றவர்களுக்கு இது எதுவும் தெரியாது. நம்மை யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்கள்.

மாறியது என்ன என்று கேட்டீர்கள். 1971 ஜூலையில் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆனது. சண்டைக்குப் போகும் வயது ஓட்டுக்கும் போதும் என்ற பழைய முழக்கத்தை மாநிலங்கள் 100 நாட்களில் ஏற்றுக்கொண்டன. அந்த நாட்டின் எந்த அரசியல் சட்டத் திருத்தமும் அவ்வளவு வேகமாக நிறைவேறியதில்லை. அதே வருஷம் ஜூனில், முன்பு பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்த டேனியல் எல்ஸ்பர்க் வெளியே கொடுத்த, போரைப் பற்றிய ரகசிய ஆவணங்களைப் பத்திரிகைகள் அச்சிடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1973இல் ஜனாதிபதியின் போர் அதிகாரத்துக்குக் கடிவாளம் போடும் சட்டம் நிக்சனின் மறுப்பையும் மீறி நிறைவேறியது. போரிலிருந்து வந்தவர்களின் மனக்காயத்துக்கு 1980இல்தான் மருத்துவம் ஒரு நோய்ப் பெயர் கொடுத்தது. அதையும் பெரும்பாலும் அந்த வீரர்களே போராடித்தான் வாங்கினார்கள்.

இந்த வீரர்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். உங்கள் அண்ணனிடம் இதை மட்டுமாவது படித்துக் காட்டுங்கள். 1971 ஏப்ரல் 23, வாஷிங்டன். நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் தற்காலிக வேலி போட்டிருந்தார்கள். அதன் எதிரே வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்கள் வரிசையாக நின்றார்கள், எண்ணூறு பேருக்கு மேல். பழைய சீருடை, நீண்ட தலைமுடி, சிலர் சக்கர நாற்காலியில். ஒவ்வொருவராக முன்னால் வந்து, தான் பெற்ற பதக்கத்தை வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தார்கள். செத்துப்போன நண்பனின் பெயரைச் சொல்லி எறிந்தவர்கள் உண்டு. எறிந்துவிட்டு உடைந்து அழுதவர்களும் உண்டு. இவர்களை உயிருக்குப் பயந்தவர்கள் என்று யார் சொல்ல முடியும்? போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டு வந்தவர்கள் அவர்கள்.

ஒரு மாற்றத்தில் மட்டும் எனக்கு முழு நிம்மதி இல்லை. 1973இல் கட்டாயமாக ஆள் எடுப்பது நின்றது. அதைக் கேட்டவர்கள் கேட்டதில் தவறில்லை, நானும் அங்கே இருந்திருந்தால் கேட்டிருப்பேன். ஆனால் அதன் பிறகு போர் பெரும்பாலான வீடுகளின் கதவைத் தட்டுவதில்லை. விரும்பிச் சேர்கிற கொஞ்சம் பேரும் அவர்கள் குடும்பமும் சுமக்கிறார்கள். ஆப்கானிஸ்தானில் இருபது வருஷம் போர் நடந்தது. அந்த நீலக் குப்பி ஜாடி இருந்திருந்தால் இருபது வருஷம் நடந்திருக்குமா என்று அடிக்கடி யோசிக்கிறேன்.

கடைசியாக, கென்ட் ஸ்டேட். 1970 ஏப்ரல் 30 அன்று கம்போடியாவுக்குள் படை நுழைந்ததை நிக்சன் அறிவித்தார். ஒஹாயோவில் அந்தப் பல்கலைக்கழக வளாகம் கொதித்தது, ராணுவப் பயிற்சிக் கட்டடம் ஒன்று எரிந்தது, தேசியக் காவல்படை வந்தது. மே 4, திங்கட்கிழமை, மதியம். 13 விநாடிகளில் 67 குண்டுகள். நால்வர் இறந்தார்கள்: ஆலிசன் கிராஸ், ஜெஃப்ரி மில்லர், சாண்ட்ரா ஷூயர், வில்லியம் ஷ்ரோடர். எல்லோரும் 19, 20 வயது. ஒன்பது பேருக்குக் காயம். ஷூயரும் ஷ்ரோடரும் போராட்டத்திலேயே இல்லை. ஷ்ரோடர் ராணுவ அதிகாரிப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த மாணவர். அந்த மாதமே எடுத்த காலப் கணிப்பில் 58 சதவீதம் பேர் குற்றம் மாணவர்கள் மேல்தான் என்றார்கள். பதினோரு நாள் கழித்து மிசிசிப்பியில், கறுப்பர்கள் படித்த ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில் போலீஸ் ஒரு விடுதியை நோக்கி நூற்றுக்கணக்கான குண்டுகள் சுட்டதில் இருவர் செத்தார்கள். ஒருவன் ஜேம்ஸ் ஏர்ல் கிரீன், 17 வயதுப் பள்ளி மாணவன், வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவன். கென்ட் ஸ்டேட்டை நினைக்கும்போது அவனையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். பல பேர் நினைப்பதில்லை.

மன்னிப்பு கேட்டார்களா என்றீர்கள். சுட்டவர்களில் யாருக்கும் குற்றவியல் தண்டனை கிடைக்கவில்லை. பெற்றோரும் காயம்பட்டவர்களும் வருஷக்கணக்காக வழக்கு நடத்தினார்கள். 1979 ஜனவரியில் சமரசம் ஆனது. எல்லோருக்கும் சேர்த்து ஒஹாயோ மாநிலம் 6,75,000 டாலர் கொடுத்தது. அந்தத் துயரம் நடந்திருக்கக் கூடாது என்று வருத்தம் தெரிவிக்கும் ஓர் அறிக்கையில் பிரதிவாதிகள் 28 பேர் கையெழுத்துப் போட்டார்கள். வருத்தம் என்றுதான் இருந்தது, மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை.

நால்வரும் விழுந்தது ஒரு மாணவர் விடுதியின் கார் நிறுத்துமிடத்திலும் அதை ஒட்டிய சாலையிலும். நிறுத்துமிடத்தில் அவர்கள் விழுந்த இடங்களின் மேல் ஏறக்குறைய முப்பது வருஷம் கார்கள் வந்து நின்றுகொண்டிருந்தன. 1999இல்தான் பல்கலைக்கழகம் அந்த நான்கு இடங்களையும் சுற்றி விளக்குத் தூண்கள் நட்டு, கார் ஏறாதபடி ஒதுக்கியது.

அன்புடன்.